லொறித் தரையில் உப்பு

லொறிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். ஒரு கையில் துருச் சுரண்டும் தகடு, இன்னொரு கையில் தாரில் தோய்த்த தும்புக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை; மழை அப்போதுதான் விட்டிருந்தது. தேயிலை அரைக்கும் ஸ்டோரின் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு மேலே, லொறியின் பலகைத் தரையில், யாரோ வெறுங்காலோடு மெதுவாக நடந்தார்கள். நடையை வைத்தே அது என் மனைவி அன்னம்மா என்று தெரிந்துகொண்டேன். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். ஒரு காலை ஊன்றி, சற்று நின்று, மறு காலை எடுத்து வைப்பாள்.

பலகை இடுக்கு வழியாக என்னவோ பொலபொலவென்று என் முகத்தில் கொட்டியது. உதட்டில் ஒட்டியதை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உப்பு.

“ஏய், கண்ணுல விழுந்திருந்தா என்னா ஆவறது?” என்று அடியிலிருந்து கத்தினேன்.

“கீழ படுத்துக்கிட்டு வாயத் தொறந்து வச்சிருந்தா விழத்தான் செய்யும்,” என்றாள் அவள்.

நான் சிரித்தேன். உப்பைத் துப்பிவிட்டு மறுபடியும் தாரைப் பூச ஆரம்பித்தேன். மூன்று வாரமாக இந்தப் பத்திரிகையில் இந்த இடத்துக்கு வராமல், இரத்தினபுரி டவுனில் நான் கிளீனராக இருந்த கதையையும் மாட்டு வண்டிக் கதையையும் எழுதி நாளைக் கடத்தினேன். இனிக் கடத்த முடியாது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும்.

பச்சை லொறி

எங்கள் தோட்டம் கலவானைக்கு மேலே இருந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தோட்டத்தை நடத்திய பெரியதுரையின் பிள்ளைகள் எங்கேயாவது இருப்பார்கள்; அவர்கள் மனம் ஏன் நோக வேண்டும்? அந்த மனுசன் செய்த தப்பு என்று இந்தக் கதையில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

தோட்டத்துக்குப் பின்னால் சிங்கராஜாக் காடு. முன்னால் எட்டு மைல் இறக்கம். அந்த இறக்கத்தின் முடிவில்தான் ஆஸ்பத்திரி.

லொறி வருவதற்கு முன்னால், எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்காவது பெரிய சீக்கு என்றால், கம்பளியின் இரண்டு முனைகளையும் மூங்கிலில் கட்டித் தூளி மாதிரி ஆக்கி, அதில் ஆளைப் படுக்க வைத்து, நாலு பேர் முறை வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். என் அப்பாவும் அப்படித்தான் போனார். அவரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது மூங்கிலைப் பிடித்திருந்தவர்களுக்கே தெரியாதாம், அவர் வழியிலேயே போய்விட்டார் என்று.

லொறி வந்த அன்று லயத்து ஜனமே ரோட்டில் நின்றது. பச்சை நிறம். முன்பக்கம் முழுக்க இரும்பு. பின்பக்கம் மரப் பலகைத் தரை; அந்தப் பலகைகளைத் தாங்கிக் கீழே குறுக்காக ஆறு இரும்புச் சட்டங்கள். அதை ஓட்ட வந்தவன் நான். சூசை டிரைவர் என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அதுவரை வெறும் சூசைதான்.

காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு காட்டோரத்து மலைக்குப் போவேன். பிறகு கொழுந்து மூட்டைகளை ஸ்டோருக்குக் கொண்டுவருவேன். யாருக்காவது சீக்கு என்றால் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டலாம் என்று துரை உத்தரவு கொடுத்திருந்தார். அந்த மூன்று வருடத்தில் நான் இறக்கியவர்கள் எல்லோரும் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமைதான். மறைப்பானேன்?

லொறி வந்த வருடமே அன்னம்மாவைக் கட்டினேன். எங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்து, ஒரு நாள்கூட இருக்கவில்லை. மருத்துவச்சியின் கையே போதும் என்று நம்பி, அன்னம்மாவை லயத்து அறையிலேயே இரண்டு நாள் நோவில் கிடக்க விட்டோம். இந்த இரண்டாவது முறை மருத்துவச்சி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: “டிரைவர், இவளுக்கு இடுப்பு சின்னது. என் கைல வச்சிக்கிட்டு நான் பாக்க மாட்டேன். நோவு எடுத்த ஒடனே வண்டில போட்டுக்கிட்டுப் போயிருங்க. ஆஸ்பத்திரில கத்தி வச்சாவது எடுத்துருவாங்க.”

வண்டிதான் இருக்கிறதே என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

துருவோடு மல்லுக்கட்டு

கலவானை மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். துவைத்த வேட்டி காய்வதற்குள் அதில் பூஞ்சணம் பிடித்துவிடும். காற்றே ஈரம். இந்த ஊரில் இரும்பை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது லேசான காரியமில்லை.

நான் விடவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்ததும் லொறிக்கு அடியில் போய்விடுவேன். எஞ்சினில் ஓடிக் கறுத்த பழைய எண்ணெயைத் தகர டின்னில் பிடித்து வைத்திருப்பேன். அதைச் சாக்குத் துண்டால் தொட்டு, மட்கார்ட் என்கிற சில்லு மறைப்பின் உள்பக்கம், கதவின் கீழ் விளிம்பு, ஆணித் தலைகள் என்று எல்லா இடத்திலும் தேய்ப்பேன். சட்டங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சிவப்புப் பூச்சு அடித்து, அதன் மேல் தார். பாதிரியார் ஒரு தடவை கேட்டார், “சூசை, உன் ஆத்துமாவையும் இப்படித்தான் பாத்துக்கிறியா?” என்று. லொறியைப் போல அது கண்ணுக்குத் தெரிந்தால் பார்த்துக்கொள்வேன் சாமி என்றேன்.

அப்படியும் துரு வந்தது. கதவிலும் சில்லு மறைப்பிலும் இல்லை. நான் யாருக்கும் கொடுக்காத அக்கறையைக் கொடுத்த அந்த ஆறு சட்டங்களில்தான் வந்தது. சுரண்டிவிட்டுத் தார் பூசினால், இரண்டு வாரத்தில் தார் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். தட்டினால் உடைந்து உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் கசியும். நான் அதன் மேலேயே இன்னும் கனமாகத் தாரைப் பூசினேன்.

அந்த ஆவணியில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு லொறியின் தரை ஓடும்போதே இற்று விழுந்து, மேலே இருந்தவர்களில் இருவருக்குக் கால் போனது. அதைக் கேட்டதிலிருந்து எங்கள் பெரியதுரை என் லொறியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“டிரைவர், ஐப்பசி மழைக்கு முந்தி நான் அடி பாக்கறான். சரி இல்லே, ஆள் ஏத்தக் கூடாது. தெரியுதா?” என்றார், தமக்கு வந்த அரைகுறைத் தமிழில்.

“தெரியுதுங்க தொரை.”

அன்னம்மாவுக்கு ஐப்பசி கடைசியில் கணக்குச் சொல்லியிருந்தார்கள். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அதனால்தான் அந்த ஞாயிறு மட்டுமில்லை, வேலை முடிந்த ஒவ்வொரு சாயங்காலமும் லொறிக்கு அடியில் கிடந்தேன்.

அட்டைகளைப் பற்றிச் சில வார்த்தை

உப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்கு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காட்டோரத்து மலையில் அட்டை இல்லாத செடி கிடையாது. சிங்கள ஆட்கள் கூடெல்லா என்பார்கள். எந்தப் பாஷையில் சொன்னாலும் கடி ஒன்றுதான். புல் நுனியில் நூல் போல எழும்பி நின்று ஆடும். பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, முழங்காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு போனாலும் சாயங்காலம் பாதமெல்லாம் இரத்தமாகத்தான் வருவார்கள். பெரிய பெரிய தைரியசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். கழுத்துக்குள் ஓர் அட்டை போய்விட்டால் கங்காணியும் துள்ளுவார்.

இதற்கு எங்கள் ஜனம் கண்ட வைத்தியம் உப்பு. ஒவ்வொருத்தி மடியிலும் துணியில் கட்டிய ஓர் உப்பு முடிச்சு இருக்கும். அதைத் தண்ணீரில் நனைத்து அட்டையின் மேல் ஒற்றினால் சுருண்டு விழுந்துவிடும். லொறிக்குள் வேறொரு தொல்லை இருந்தது. ஒருத்தி காலில் வந்த அட்டை அடுத்தவள் காலுக்கு ஊரும். கொழுந்து மூட்டையோடு வந்த அட்டைகள் பலகை ஈரத்தில் பதுங்கியிருந்து, மறுநாள் காலை ஏறுகிறவர்களைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளைத்தாய்ச்சிகள் அழுதே விடுவார்கள்.

லொறித் தரையில் உப்பைத் தூவி வைத்தால் என்ன என்று கேட்டவள் அன்னம்மா. நல்ல யோசனை என்று சொன்னவன் நான். சொன்னதோடு நிற்கவில்லை. ஸ்டோர் கூரைக்கடியில் ஒரு சிரட்டையைத் தொங்கவிட்டு, உப்பு நிறைத்து வைப்பதும் என் வேலையாயிற்று. தினம் காலையில் பெண்கள் ஏறுவதற்கு முன்னால் அவள் போய்த் தூவிவிட்டு வருவாள்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயில் விட்டு வந்ததும். மழைச் சாரல் அதைக் கரைத்து இடுக்கு வழியாக இறக்கும். அட்டை குறைந்தது. பெண்கள் அவளை வாழ்த்தினார்கள். மூன்று வருடம் நடந்தது இது.

உப்புக் காற்றில் இரும்பு நிற்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது கடற்கரைச் சங்கதி என்று நினைத்திருந்தேன். நான் கடலைப் பார்த்ததே இல்லை. மலைக்காட்டில், என் சொந்தக் கையால், என் வண்டிக்கு ஒரு கடலைக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

நானாவின் நாக்கு

புரட்டாசியில் ஒரு நாள், சுரண்டும்போது ஒரு சட்டத்தின் விளிம்பு பிஸ்கட் போலக் கையோடு வந்தது. அதை எடுத்துக்கொண்டு கலவானை டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரிடம் போனேன்; எல்லாருக்கும் அவர் நானா. அவருக்குப் பூர்வீகம் கடற்கரையில் பேருவளைப் பக்கம். தகப்பன் காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம்.

துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டிரைவர், உங்கட லொறி கடலோரம் காலிப் பக்கம் போய் வருதா?”

“இல்லீங்க நானா. ரத்னபுரிக்கு அங்கிட்டு போனதே இல்ல.”

“அப்ப இது எப்பிடி? மழைத் துரு மேலால பொடியா ஈக்கும். இது அடை அடையாக் கழருது. எங்கட ஊர்ல தோணி ஆணி இப்பிடித்தான் போகும்.”

சொல்லிவிட்டு நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தார். முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

“உப்பு,” என்றார்.

அந்தக் கடையில், சங்கிலிகளுக்கும் மண்வெட்டிகளுக்கும் நடுவில், ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். நானா பயந்துபோய்த் தேத்தண்ணி வரவழைத்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

“தார முழுக்கச் சொரண்டுங்க. உப்ப உள்ளால வச்சு நீங்க மேலால மூடி போட்டிருக்கீங்க. சுடுதண்ணி ஊத்திக் கழுவி, அஞ்சு நாள் வெயில்ல காய வச்சு, பொறகு சிவப்பு அடிங்க. பாப்பம்.”

“அஞ்சு நாள் வெயிலுக்கு நான் எங்க போவேன் நானா?”

அவர் வாசலைப் பார்த்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே ஸ்டோர் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, டின் டின்னாகத் தரையில் ஊற்றினேன். சிரட்டையை அறுத்து ஓடையில் எறிந்தேன். மறுநாள் காலையில் அன்னம்மா வந்து கூரைக்கடியில் தேடினாள்.

“ஏங்க, உப்புச் செரட்டையக் காணோம்?”

“கழுவையில எங்கயாச்சும் விழுந்திருக்கும்.”

“எதுக்கு இப்புடிக் கழுவுறீங்க? சுடுதண்ணியெல்லாம் ஊத்தி?”

“அழுக்கு,” என்றேன்.

அவள் ஈரத் தரையையும், கீழே நான் குவித்திருந்த துருச் செதில்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மற்றப் பெண்களோடு ஏறினாள். வேறு சிரட்டை கொண்டுவரவில்லை. “உப்பு எங்கடி?” என்று பெண்கள் கேட்டதற்கு, தீர்ந்துபோச்சு என்றாள்.

துரையின் பிரம்பு

புரட்டாசிக் கடைசியில் பெரியதுரை வந்து குனிந்து பார்த்தார். புதுச் சிவப்புப் பூச்சைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு கையில் இருந்த பிரம்பால் மூன்றாவது சட்டத்தில் குத்தினார். பிரம்பு உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது சிவப்புப் பூச்சின் தோல் மட்டும் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“டிரைவர், நீ நல்ல வேலக்காரன். ஆனா இது ஆள் ஏத்தாது. இது கொழுந்துகூட ஏத்தாது.”

“தொரை, என் பொஞ்சாதிக்கு வர்ற மாசம்… அது மட்டும் ஆவட்டுங்க தொரை. மெதுவா ஓட்டுறேன். நான் பொறுப்பு.”

“ஆள் விழுந்து செத்தா நீ என்ன பொறுப்பு? அவளே விழுந்தா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. புது லொறி தை மாதம் வரும் என்றார்.

வண்டியை இரத்தினபுரிக்கு ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்தவனும் நானே. எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. கறையான் பிடித்த வீட்டில் அடுப்பு மட்டும் நன்றாக எரிகிற மாதிரி இருந்தது. வழி நெடுக அழுதேன்.

ஐந்தாம் கட்டை

ஐப்பசியில் ஒரு காலை, வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக் களத்துக்குப் போகும் நேரத்தில் அன்னம்மாவுக்கு நோவு எடுத்தது. மழை. நாலு பேர் மூங்கிலும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். மூன்று வருடம் சில்லு உருட்டிப் போன ரோட்டில் சேறு முழங்கால்வரை இழுத்தது. லொறியில் முக்கால் மணி நேரம். நடந்தபோது நண்பகலில் பாதி வழிகூடப் போகவில்லை.

கம்பளி நனைந்து கனத்தது. அன்னம்மா முதலில் மாதாவைக் கூப்பிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். பிறகு யாரையும் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஐந்து மைல் என்று காட்டும் கல்லுக்குப் பக்கத்தில் இறக்கச் சொன்னாள். அங்கேதான் பிள்ளை வந்தது. பெண். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. கூட வந்த மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், வாயில் ஊதினார், மறுபடியும் தட்டினார். நான் மழைக்கு என் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை அழவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அன்னம்மாவைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். இனிப் பிள்ளை இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

லயமே துரையைச் சபித்தது. வண்டியைக் கொண்டுபோன பாவி என்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து திட்டினேன். ஆசிரியர் ஐயா, இதை எழுதக் கை கூசுகிறது. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அன்னம்மாவுக்குத் தெரிந்துவிடும், தன் கையால் தூவியதுதான் தன் பிள்ளையைத் தின்றது என்று. அவளுக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லிக்கொண்டேன். பாதி எனக்காகவும்தான்.

தையில் புது லொறி வந்தது. அதை நான் ஓட்டினேன். அதன் தரையில் யாரையும் உப்புப் போட விடவில்லை. காரணம் கேட்டவர்களிடம் துரை உத்தரவு என்றேன்.

அதற்குப் பிறகு

அன்னம்மா தலை நரைக்கும்வரை கொழுந்து பறித்தாள். சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்து, அட்டைகளை நகத்தால் பிய்த்துப் போடுவாள். பிய்த்த இடத்தில் இரத்தம் நிற்காமல் ஓடும். அவள் மடியில் உப்பு முடிச்சை நான் பிறகு பார்க்கவே இல்லை. வருடக் கணக்காக அதைக் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். ஒரு நாள் அடுப்படியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு போனேன்.

“இத வைக்கலாம்ல?”

“வேணாங்க.”

“பிச்சா புண்ணாப் போகுதுல்ல.”

“ஆறிரும். உப்ப உள்ள கொண்டு போங்க.”

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கையில் உப்போடு நின்றேன். எந்த நாளிலிருந்து இவள் உப்பைத் தொடவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். சிரட்டை காணாமல் போன நாளில் போய் நின்றது. ஈரத் தரையையும் துருச் செதிலையும் பார்த்துக்கொண்டு நின்றாளே, அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்தாம் கட்டையில் தெரிந்திருக்கிறது. நான் துரையைத் திட்டியபோதெல்லாம் தெரிந்திருக்கிறது. நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாளோ, சொல்லிவிடக் கூடாது என்று பயந்திருந்தாளோ, எனக்குத் தெரியாது. அன்றைக்காவது நான் பேசியிருக்கலாம். உப்பைக் கொண்டுபோய் மறுபடியும் பானையில் போட்டேன்.

போன பங்குனியில் அன்னம்மா போய்விட்டாள். குளிப்பாட்டிய பெண்களில் ஒருத்தி, சின்ன வயசுக்காரி, வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தாத்தா, பாட்டியோட காலப் பாத்தீங்களா? பூராவும் அட்டத் தழும்பு. எங்க வீட்டுல யாருக்கும் இப்புடி இல்ல. அவங்க உப்பே வைக்க மாட்டாங்களா?”

“அவளுக்கு உப்பு ஆகாதும்மா,” என்றேன்.